இரண்டங்குலக் கள்ளம்

வெர்லின் டாக்கெட் அடுத்தவன் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தே பேர் வாங்கியவன். ஒரு நீளக் கம்பி, அதன் நுனியில் பல் டாக்டர் வைத்திருப்பதைப் போல ஒரு வட்டக் கண்ணாடி. அதை ஏந்திக்கொண்டு அவன் மல்லாந்து படுத்து ஒரு வண்டிக்கு அடியில் நகர்ந்தானென்றால், வண்டிக்குச் சொந்தக்காரனுக்கு வெளியே வியர்த்து ஊற்றும். வறட்டாற்றுச் சங்கத்தில் வெர்லினுக்கு அதுதான் பதவி.

பழைய ஃபோர்டைத் தேடிப்பிடித்து, கூரையை அறுத்துத் தாழ்த்தி, அதன் வயிற்றில் பெரிய எஞ்சினைத் திணித்து, ஹாட் ராட் என்று சொல்லிக்கொண்டு ஊர்வலம் போகிற ஆட்கள் எங்கள் ஊர் ஆயில்டேலில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களில் வறட்டாற்றுக்காரர்கள் மடி ஆசாரம் கூடியவர்கள். 1953-க்குப் பிறகு பிறந்த ஒரு திருகாணிகூட வண்டியில் இருக்கக்கூடாது என்பது சங்க விதி. டயருக்கு விலக்கு உண்டு. மனைவிக்கும் விலக்கு உண்டு என்றாலும், அதைப் பயன்படுத்திக்கொள்கிற அளவுக்கு லட்சணமான ஆண்பிள்ளை சங்கத்தில் எவனும் இல்லை.

போன வருஷம் அந்தக் கண்ணாடியில் சிக்கியவன் டப் ஹென்ஸ்லி. வெர்லினின் மனைவி நார்லீனுக்குக் கூடப்பிறந்த தம்பி. முன்சக்கரத்துக்குள், பழைய டிரம் பிரேக் இருக்கவேண்டிய இடத்தில், புதிய டிஸ்க் பிரேக் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. மைத்துனன்தானே என்று வெர்லின் ஒரு கண்ணை மூடியிருக்கலாம். அவன் இரண்டு கண்ணையும் அகலத் திறந்துவைத்திருந்தான். எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தீராத வியாதியை அறிவிக்கிற டாக்டர் குரலில், "டிஸ்க்," என்றான். டப்பைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள்.

வினை அன்று மாலையே வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை சங்கத்து வண்டிகளெல்லாம் கெர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மலைமேல் ஏறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு இறங்கும். ஏறும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். இறங்கும்போதுதான் குணம் தெரியும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு, நடுவில் கயிறு போல ரோடு. நாலு வளைவு மிதித்து மிதித்து வந்ததில் வெர்லினின் 34-ஆம் வருஷத்து வண்டியில் டிரம் பிரேக் சூடேறி, மிதி பஞ்சாகிவிட்டது. முழு பலத்தையும் காலில் கொடுத்தும் வண்டி தன் பாட்டுக்கு இறங்கியது. முன்னால் வைக்கோல் லாரி. வெர்லின் வண்டியைப் பாறையோரமாக உரசி உரசி, மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினான். லாரியின் வைக்கோல் இரண்டு கொத்து முகப்புக் கம்பியில் செருகிக்கொண்டிருந்தது.

நார்லீன் இறங்கினாள். கதவைச் சாத்தவில்லை. பின்னால் டப் வந்துகொண்டிருந்தான். சங்கத்திலிருந்து நீக்கினார்களே தவிர ரோட்டிலிருந்து நீக்கவில்லையே. அவள் கையைக் காட்டி நிறுத்தி அவன் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"இவன் வண்டிக்கு நிக்கத் தெரியும்," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் வெர்லினின் வண்டியில் உட்காரவே இல்லை.

வெர்லின் அந்த இருக்கையில் கருவிப்பெட்டியை வைத்துக்கொண்டு திரிந்தான். கருவிப்பெட்டி சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலை வெளியே துப்பாது. "அந்தச் சிவப்பு லாரிக்காரன் தூங்கறான் பாரு" என்று முழங்கையால் இடிக்காது. ரேடியோப் பாட்டோடு சேர்ந்து தப்புத் தப்பாகப் பாடாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வலப்பக்கம் இல்லாமல் அவன் அந்த வண்டியை ஓட்டியதில்லை. சொல்ல அவனுக்கு வாய் வராது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்: அவள் இல்லாவிட்டால் அந்த வண்டி அவனுக்கு வெறும் தகரம்.

ஆகவே மடி ஆசாரம் மண்ணாங்கட்டியாயிற்று. வெர்லின் யாருக்கும் தெரியாமல் டிஸ்க் பிரேக் வரவழைத்தான். கூடவே ஒரு சாமான்: பழைய டிரம்மைப் போலவே வரிவரியாக வார்த்த அலுமினிய மூடி. அதை மேலே கவிழ்த்துவிட்டால் வெளியே ஐம்பதாம் வருஷத்து டிரம், உள்ளே டிஸ்க். விபூதிப் பட்டைக்குப் பின்னால் திருடன். எந்தக் கண்ணாடியாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். கண்ணாடியே அவனுடையதுதானே.

மாட்டி முடித்ததும் நார்லீனைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினான். நேர் ரோட்டில் மிதித்தான். ஆணி அடித்த மாதிரி நின்றது. அவள் புருவத்தை உயர்த்தினாள். வெர்லினுக்குப் பத்து வயது குறைந்தது. டோனட் கடை முனையில் திரும்பினான். அங்கேதான் வண்டி கத்தியது. பன்றிக்கு இடுக்கி போட்ட மாதிரி ஒரு கத்தல். கடைக்குள்ளே இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ரப்பர் தீய்ந்த நாற்றம்.

புதிய பிரேக் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் ஓர் அங்குலம் வெளியே தள்ளியிருந்தது. திரும்பும்போதெல்லாம் டயர் மட்கார்டின் உதட்டைக் கடித்தது.

"முன்னாடி நிக்கல, கத்தல," என்றாள் நார்லீன். "இப்ப நிக்குது, கத்துது. ரெண்டும் சரியா இருக்கற மாதிரி ஒரு வண்டி உனக்கு அமையாதா வெர்லின்?"

"ஆக்சில் குட்டையா வேணும். ரெண்டு இஞ்ச்."

"அப்ப மாட்டு."

"மாட்டிடலாம். ஆனா பாக்கறவன் கேப்பானே, எதுக்குய்யா குட்டை ஆக்சில்னு. இந்த ஊர்ல மட்கார்டு வச்ச வண்டிக்கு ஒருத்தன் ஆக்சிலக் குட்டையாக்கினா, உள்ள டிஸ்க் வச்சிருக்கான்னு அர்த்தம். வயிறு தெரிஞ்சப்புறம் கல்யாணமே ஆகலன்னு சொல்ற கதை."

"அதெல்லாம் உன் கவலை. எனக்குக் கத்தாம நிக்கற வண்டி வேணும். எந்தம்பிகிட்டப் போ."

"டப்கிட்டயா?"

"வேற யாரு? போன வருஷம் அவன் செஞ்சதத்தானே இந்த வருஷம் நீ செய்யற."

வெர்லின் இரண்டு நாள் வீட்டில் அங்கும் இங்கும் நடந்தான். மூன்றாம் நாள், தபாலில் வந்த குட்டை அச்சை வண்டியில் போட்டுக்கொண்டு போனான். நார்லீன் தன் வண்டியில் பின்னாலேயே வந்தாள். பஞ்சாயத்துக்கு ஆள் வேண்டுமே.

டப்பின் கொட்டகை எண்ணெய் வயல் ஓரத்தில். வேலிக்கு அந்தப்பக்கம் இரும்புப் பம்புகள் தலையை ஆட்டி ஆட்டி எண்ணெய் இறைத்துக்கொண்டிருக்கும். வாசலில் பிஸ்கட் என்று பேர் வைத்த அவன் நாய் படுத்திருந்தது.

"யாரு, கண்ணாடிக்காரரா?" என்று டப் எழுந்தான். "வாங்க வாங்க. அடியில படுத்துப் பாக்கறீங்களா, நின்னுக்கிட்டே திட்டறீங்களா?"

"ஒரு உதவி, மச்சான்."

"பம்பு சத்தத்துல கேக்கல."

"உதவின்னேன்!"

"அது கேட்டுச்சு. என்ன உதவின்னு கேக்கல."

வெர்லின் முன்சக்கரத்தைக் காட்டினான். டப் குனிந்தான். விரல் முட்டியால் மூடியைத் தட்டினான். நிஜ டிரம் கணீரென்னும், இது டொக்கென்றது. டப் நிமிரவில்லை. அவன் முதுகு குலுங்கியது. பிறகு சிரிப்பு வெளியே வந்தது. நிற்க முடியாமல் ஒரு டயர்மேல் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். பிஸ்கட் பயந்துபோய்க் குரைத்தது.

"போதும்," என்றான் வெர்லின்.

"எனக்குப் போதல மச்சான். ஊரு முன்னாடி என்னைய வெளிய தள்ளினியே, அது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு, மாட்டித் தரேன்."

"விதின்னா விதிதான்."

"அப்ப ஆக்சில்னா ஆக்சில்தான். தூக்கிட்டுப் போ."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றாள் நார்லீன். "டப், உங்கக்கா வர்ற அக்டோபர்ல அந்த மலைய இறங்கணுமா, ஆத்துல இறங்கணுமா? வெர்லின், உனக்குப் பக்கத்துல நான் உக்காரணுமா, கருவிப்பெட்டி உக்காரணுமா? முடிவு பண்ணிட்டு ஜாக்கியப் போடுங்க."

ஜாக்கியைப் போட்டார்கள். மன்னிப்பு என்ற வார்த்தையை வெர்லின் கடைசிவரை சொல்லவில்லை. "அன்னிக்குக் கொஞ்சம் சத்தமா சொல்லிட்டேன்," என்றான். டாக்கெட் குடும்பத்தில் அதுதான் சாஷ்டாங்க நமஸ்காரம்.

சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டியூபைப் பிரித்து, டிஸ்க்கைக் கம்பி கட்டித் தொங்கவிட்டார்கள். சக்கரத்தை அச்சோடு கோத்திருக்கும் கிங்பின் முளை வரமாட்டேன் என்றது. எண்ணெய் ஊற்றினார்கள், அடித்தார்கள், கேஸ் தீயைக் காட்டினார்கள், அதன் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் எது வேலை செய்தது என்று தெரியவில்லை, பின் வந்துவிட்டது. அச்சுக்கு மேல் குறுக்கே வில்லாய் வளைந்து படுத்திருந்த கமான் பட்டைதான் ஆபத்தான பேர்வழி. "தலைய தள்ளி வை" என்று டப் சொல்லி முடிப்பதற்குள் வெர்லின் கொக்கியைத் தட்டினான். பட்டை துள்ளி விரிந்து அவன் தொப்பியைக் கொண்டுபோய்க் கூரையில் அறைந்தது.

"போன வருஷம் மலையில தப்பிச்ச தலை," என்றான் டப். "என் கொட்டகையில போயிருந்தா அக்கா என்னைச் சும்மா விட்டிருக்காது."

குட்டை அச்சு உள்ளே போனது. நடுப்பகுதி பழையதைப் போலவேதான். பட்டை மாட்டும் துளைகளும் பழைய இடத்திலேயே. இரண்டு முனையிலும்தான் ஒவ்வோர் அங்குலம் குறைவு. எல்லாவற்றையும் பூட்டி, சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கினார்கள். நார்லீன் முன்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "இது ஏன் என்னை மாறுகண்ணால பாக்குது?" என்று கேட்டாள்.

இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அச்சைக் குறைத்தவர்கள், சக்கரம் இரண்டையும் பின்னாலிருந்து இணைக்கும் டைராடைக் குறைக்க மறந்துவிட்டார்கள். அது பழைய நீளத்திலேயே நின்று சக்கரங்களின் பின்புறத்தை அகட்டி, மூக்கைச் சேர்த்துவிட்டது.

"நீதான் அளந்தே," என்றான் டப்.

"நீதான் மாட்டினே."

"எதால அளந்த? கண்ணாடியாலயா?"

டைராடை அறுத்து, மரை போட்டு, மறுபடி பூட்டினார்கள். மாறுகண் போயிற்று. வெர்லின் ஸ்டியரிங்கை ஒரு கோடிவரை ஒடித்தான். சத்தமில்லை. மறுகோடிவரை ஒடித்தான். சத்தமில்லை. இறங்கிவந்து டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கட்டைவிரலை விட்டுப் பார்த்தான். தாராளமாகப் போனது. சக்கரங்கள் மட்கார்டுக்குள் கச்சிதமாக அடங்கி, வண்டி முன்னைவிட அழகாகக்கூட இருந்தது. அந்த நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, குழந்தை பிறந்த செய்தி வந்திருக்கிறது என்றுதான் தோன்றியிருக்கும்.

ஆனால் அச்சு மின்னியது. முந்தாநாள் பெட்டியைவிட்டு வந்தது மின்னாமல் என்ன செய்யும்? டப் அதன் மேல் குறுக்கே ஒரு அவலட்சணமான வெல்டிங் தையல் போட்டான். அந்தக் காலத்தில் யாரோ அறுத்து ஒட்டிய மாதிரி. வினிகரில் உப்பைக் கரைத்துத் துணியில் நனைத்துச் சுற்றினான். மறுநாள் துரு லேசாகப் பூத்தது, திருப்தியாக இல்லை. மிச்ச வேலையைப் பிஸ்கட் பார்த்துக்கொண்டது. கொட்டகைக்குள் புதிதாக ஒரு வினிகர் வாசனை எழுந்தது அதற்குப் பிடிக்கவில்லை போலும். தினம் காலையும் மாலையும் வந்து, பின்னங்காலைத் தூக்கி, தன் ஆட்சேபணையை அச்சின் மேல் பதிவு செய்துவிட்டுப் போனது. ஒரு வாரத்தில் அரை நூற்றாண்டு ஏறிவிட்டது.

"புதுசா வாங்கறது, அப்புறம் அதைக் குப்பையா மாத்த ஆள் வைக்கறது," என்றாள் நார்லீன். "உங்க புத்திய நாய்க்குப் போட்டா அதுகூட மோந்து பாத்துட்டு விட்டுடும்."

சாமானுக்கு வயசு வந்தாயிற்று, சரித்திரம் வேண்டுமே. வெர்லின் அதையும் தயாரித்தான். ஆர்வில் ஸ்ப்ராட் என்று ஒருவன். யுத்தம் முடிந்து வந்து, வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப்பந்தயம் ஓட்டியவன். காற்றைக் கிழிக்கக் குட்டை அச்சு நல்லது என்று தானே அறுத்து ஒட்டியவன். அவன் தங்கை வீட்டுக் கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்த அச்சு இது. முதல் தடவை சொன்னபோது அவ்வளவுதான் இருந்தது. காப்பிக்கடையில் இரண்டாம் தடவை சொன்னபோது ஆர்வில் ஒற்றைக் கண்ணனானான். மூன்றாம் தடவையில் மெக்சிகோவுக்கு ஓடிப்போனான்.

"அளவா உப்புப் போடு மச்சான்," என்று டப் எச்சரித்தான். "கார்லண்ட் இந்த மாதிரிக் கதைன்னா சட்டிய வழிச்சு நக்கற ஆளு."

கார்லண்ட் ஸ்ட்ரூப் சங்கத் தலைவர். சவ அடக்க நிலையம் நடத்தி ஓய்வுபெற்றவர். பிரேக் விஷயத்தில் அவருக்கு அவசரம் எப்போதுமே இருந்ததில்லை. நிற்காத வண்டியில் போனவர்கள் எல்லாரும் ஒருநாள் அவர் வாசலில்தானே வந்து நின்றார்கள். கண்ணாடிக்காரனின் வண்டியைச் சோதிப்பது மட்டும் தலைவரின் உரிமை.

அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை காலை. தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய தார்த் திடலில் வண்டிகள் வரிசையாக நின்றன. ரொட்டியும் இறைச்சிக் குழம்புமாகக் காலை உணவு முடிந்தது. கயிற்றுக்கு வெளியே, நீக்கப்பட்டவர்களுக்கான இடத்தில், டப் மடக்கு நாற்காலியும் பியருமாக உட்கார்ந்திருந்தான்.

கார்லண்ட் கண்ணாடியோடு வெர்லினின் வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வெர்லினுக்கு முதல்முறையாக, வெளியே நிற்பவனின் வியர்வை என்றால் என்னவென்று தெரிந்தது. கடைசியில் இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்துத் தலைவரை வெளியே எடுத்தார்கள். அவருக்கு ஒரு பக்கத்து இடுப்பு மூட்டு செயற்கை. 1953-க்கு ரொம்பப் பிறகு பிறந்தது; அதைப் பற்றிச் சங்கத்தில் யாரும் பேசுவதில்லை.

அவர் கண் கலங்கியிருந்தது. வலக்கையை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"அந்தக் காலத்து வாசனை," என்றார். "இப்ப வர்ற இரும்புல இது கிடையாது. ஆர்வில் ஸ்ப்ராட் தொட்ட ஆக்சில். இதைத் தொட்ட கைய நான் இன்னிக்குக் கழுவ மாட்டேன்."

கயிற்றுக்கு வெளியே டப்புக்குப் பியர் மூக்கில் ஏறிவிட்டது. இரண்டு பேர் முதுகில் தட்டினார்கள். தலைவர் டிரம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி தேறியது.

மிச்சம் இருந்தது கோட்டுச் சோதனை. திடலின் நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கும். ஒவ்வொருவரும் ஜோடியாக வண்டியில் ஏறி, வேகமாக வந்து, கோட்டைப் பார்த்ததும் பிரேக் மிதிக்க வேண்டும். சங்கம் பிறந்த நாளிலிருந்து கோட்டில் நின்ற வண்டி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் கோணிக்கொண்டு, ஊளையிட்டுக்கொண்டு, தாண்டித்தான் நிற்கும். குறைவாகத் தாண்டியவனுக்குக் கைதட்டு; அதிகம் தாண்டியவனுக்குக் கேலி. கோட்டிலேயே நின்றால் சந்தேகம்.

நார்லீன் உள்ளே ஏறி உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு சங்கத்துக்காரர்கள் முன்னால் அவள் அந்த இருக்கையில். வெர்லினுக்கு நெஞ்சு விம்மியது.

"கோட்டுல நிறுத்திக் காட்டு," என்றாள் அவள். "அப்புறம் மலைக்கு வரேன்."

வெர்லின் தொண்டையைக் கனைத்தான். "கோட்டுல நிறுத்த முடியாது. மெதுவாத்தான் மிதிக்கணும். ரெண்டு வண்டி நீளமாவது தாண்டினாத்தான் டிரம்முன்னு நம்புவாங்க."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னைப் பக்கத்துல வச்சிக்கிட்டு, நிக்காத மாதிரி நடிக்கப்போறியா?"

"நடிப்புத்தானே நார்லீன்."

"போன வருஷம் நடிப்பில்லையே."

அவளிடம் கோபமாவது இருந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். குரலில் கோபமில்லை. கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். விரல் முட்டிகள் வெளுத்தன. வைக்கோல் லாரிக்குப் பின்னாலும் அவள் இப்படித்தான் பிடித்திருந்தாள். இறங்கிவிடலாமா என்று வெர்லின் நினைத்தான். அதற்குள் புறப்படுவதற்கான கொடி விழுந்துவிட்டது. பின்னாலிருந்து எல்லாரும் கத்தினார்கள். சுற்றி நிற்கிறவர்கள் கத்தினால் ஆண்பிள்ளைக்கு மூளை வலது காலுக்கு இறங்கிவிடும், அழுத்தினான்.

வண்டி சீறிக்கொண்டு வந்தது. கோட்டுக்கு அந்தப்பக்கம், ஓரமாக, கார்லண்ட் நின்றிருந்தார். ஓரமாகத்தான் நின்றிருந்தார். ஆனால் ஆர்வில் ஸ்ப்ராட்டின் அச்சு வேலை செய்யும் அழகை நேருக்கு நேர் பார்க்க வேண்டாமா? ஓர் அடி உள்ளே வைத்தார். குனிந்தார். இன்னும் சரியாகத் தெரியவில்லை. இன்னோர் அடி வைத்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, முழங்காலில் கையூன்றி நடுவழியில் தலையைத் தாழ்த்தினார். வெர்லினின் கால் மிதியை வருடிக்கொண்டிருந்தது. வண்டி கோட்டைத் தாண்டிவிட்டது. தலைவர் நிமிரப் பார்த்தார். செயற்கை மூட்டு ஒத்துழைக்கவில்லை.

வெர்லின் எதையும் யோசிக்கவில்லை. இடது கை ஸ்டியரிங்கில் இருக்க, வலது கை தானாகப் பாய்ந்து நார்லீனின் மார்புக்குக் குறுக்கே விழுந்து அவளை இருக்கையோடு அழுத்திக்கொண்டது. கால் அடிவரை இறங்கியது.

வண்டி நின்றது. கோணவில்லை, ஊளையிடவில்லை. மூக்கை ஒருமுறை தாழ்த்தி எழுப்பிவிட்டு அப்படியே நின்றது. முகப்புக் கம்பிகளுக்கும் தலைவரின் வழுக்கைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம்.

தலைவரை இரண்டு பேர் பிடித்து நிமிர்த்தினார்கள். அவர் முகப்பைப் பார்த்தார், பிறகு சக்கரத்தைப் பார்த்தார், பிறகு பின்னால் கிடந்த கோட்டைப் பார்த்தார். உயிர் பிழைத்த மனிதனின் முகத்தில் நன்றி வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வந்தது வேறு.

"உலகத்துல எந்த டிரம்மும் இப்படி நிக்காது," என்றார். "டிஸ்க் வச்சிருக்க."

வெர்லின் இறங்கினான். "ஆமா தலைவரே. டிரம்மா இருந்திருந்தா இந்நேரம் நீங்க ஆக்சில அடியிலருந்து பாத்துக்கிட்டிருப்பீங்க."

"இருக்கலாம். ஆனா விதின்னா விதிதான். நீ வெளிய போகணும் வெர்லின்."

"போறேன்."

கார்லண்ட் தயங்கினார். குரல் இறங்கி, கெஞ்சுகிற மாதிரி ஆகிவிட்டது. "அந்த ஆக்சிலாவது... அது நிஜந்தானே? ஆர்வில் ஸ்ப்ராட்?"

ஒரு பொய் சொன்னால் கிழவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். வெர்லின் வாயைத் திறந்தான். வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் நார்லீன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி ஒரு ஆளே கிடையாது தலைவரே. ஆக்சில் தபால்ல வந்தது. வயசு ஏத்தினது டப்போட நாய்."

"நாயா? எப்படி?"

வெர்லின் எப்படி என்று சொன்னான். தலைவர் தன் வலக்கையைத் தூக்கிப் பார்த்தார். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு குழாயைத் தேடிப் போனார். முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. டப் இல்லை, அவன் ஏற்கெனவே நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டான்.

ஆண்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர்களின் மனைவிமார் மூன்று நாலு பேர் வெர்லினின் வண்டியைச் சுற்றி வந்து நின்றார்கள். வண்டி நின்ற விதத்தை அவர்களும் பார்த்திருந்தார்கள். ஒருத்தி ஜன்னலில் குனிந்து, "இந்த மாதிரி எங்களுக்கு யார் மாட்டித் தருவா?" என்று கேட்டாள். "எந்தம்பி," என்றாள் நார்லீன், திடல் முழுக்கக் கேட்கும்படி. சிரித்துக்கொண்டிருந்த புருஷன்மாரில் சிலருக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

வெர்லின் ஏறி உட்கார்ந்தான். பதவி போயிற்று, சங்கம் போயிற்று, ஊரே கேட்கச் சொன்ன கதையும் போயிற்று. அவன் வலப்பக்கம் திரும்பவில்லை. அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

"கை ரொம்ப வலுவாத்தான் அடிச்சுது," என்றாள் அவள், மார்பெலும்பைத் தடவிக்கொண்டே. "மெதுவா மிதிக்கறேன்னு சொன்னியே. அந்தக் கைய யாரு நடிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அதான் கேட்டேன்," என்றாள். கதவுக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சரி, மலைக்குப் போ."

"சங்கம் போகுதே நார்லீன். நீக்கினப்புறம் அவங்க பின்னாடி வரிசையில போக முடியாது."

"பின்னாடி யாரு போகச் சொன்னா?" என்றாள் நார்லீன். "முன்னாடி போ."